யார் கையில் செக்ரோல்?

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிகளில் எளிதில் கிடைக்காத ஒரு பொருள் உண்டு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடி, மலைக்குப் பிரிந்து சென்று, மாலையில் கடைசிக் கொழுந்தையும் நிறுவைக்குக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்கு அந்த நாளுக்கு ஒரு ‘பேர்’ விழும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் ‘அரைப்பேர்’. மாதம் முடிய எத்தனை பேர் விழுந்திருக்கிறதோ அதுவே அந்த மாதத்துச் சம்பளம். இந்தப் பேர்கள் எழுதப்படும் புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர்.

செக்ரோல் ஒன்றல்ல. மலையில் நிற்கும் கணக்கப்பிள்ளையின் கையில் ஒரு சிறிய புத்தகம். தோட்டத்து ஆபீசில் ஒரு பெரிய புத்தகம். சிறியதில் உள்ளது பெரியதில் ஏற வேண்டும். மூன்றாவதாக, எந்தக் காகிதத்திலும் இல்லாமல், தொழிலாளியின் மனக்கணக்கு ஒன்றும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் சம்பள நாள் அமைதியாகக் கழியும். ஒத்துப்போகாவிட்டால் வெல்வது எப்போதும் ஆபீசுப் புத்தகம்தான். மலையகத்தின் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய வேலைநிறுத்தங்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். ‘எனக்கு 22 பேர், இவர்கள் 20 என்கிறார்கள்’ என்று ஆபீசு வாசலில் நின்ற சின்னஞ்சிறு வழக்குகளைப் பற்றி எழுதியது குறைவு.

இந்தக் கட்டுரை தேயிலையைப் பற்றியதன்று. கணினி நிரல்களைப் பற்றியது. ஆனால், எனக்கு அந்த விடயம் விளங்கிய இடம் ஹட்டன். அங்கே ஒரு வீட்டில் அண்மையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தாயார் கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளை. இப்போது கொழும்பு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே இணையச் செயலிகள் எழுதுகிறார். என்ன வேலை என்று கேட்டேன். “பெரும்பாலும் ஸ்டேட்டைக் கட்டி மேய்க்கிற வேலைதான் சேர்” என்றார். தேநீர் கொண்டுவந்த தாயார், “எந்த எஸ்டேட்டுப்பா?” என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். ஆனால், அந்தத் தாய் கேட்ட கேள்வி அத்தனை பிழையானதன்று என்பது பின்னர் எனக்குப் பட்டது.

‘ஸ்டேட்’ என்றால் நிரல் மொழியில் ‘நிலை’. ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணத்தில் அதன் நினைவில் இருப்பது அனைத்தும் அதன் நிலை: உள்ளே நுழைந்திருப்பவர் யார், அவருடைய கூடையில் என்ன பொருட்கள், எந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது, எது வாசிக்கப்படவில்லை. நாம் திரையில் காண்பது அந்த நிலையின் தோற்றம் மட்டுமே. நிலை ஓரிடத்தில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதப்படும்போதுதான் வழுக்கள் தொடங்குகின்றன. சிறிய செக்ரோலும் பெரிய செக்ரோலும் என்று சொன்னால் மலையகத்தில் வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சிக்கல் வலையுலகில் முற்றியதற்கு ஒரு பிறவிக் காரணம் உண்டு. வலைத்தளங்களைக் கொண்டுவந்து தரும் எச்டிடிபி என்ற நெறிமுறை இயல்பிலேயே மறதி உடையது. ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெற்றவர் அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, வழங்கியைப் பொறுத்தவரை அவர் யாரோ ஒருவர். 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி ‘குக்கி’ என்ற சிறு குறிப்புச் சீட்டை உருவாக்கியது இந்த மறதிக்கு மருந்தாகத்தான். கேட்பவர் ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டைக் காட்டித் தம்மை இன்னார் என்று நிறுவிக்கொள்ள வேண்டும். இவ்வாறு தனக்கென நினைவு வைத்துக்கொள்ளாத அமைப்பை நிரலாளர்கள் ‘ஸ்டேட்லெஸ்’ என்பார்கள். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதனிடம் திரும்பி வருவேன்.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண 2003 இல் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். மற்றவர்கள் எழுதிய திறந்த மூல நிரல்களைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், அவற்றை எழுதுவோராகவும் இலங்கையர் மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். 2004 இல் கொழும்பில் கூடிய நிரலாளர் குழுவொன்றின் கலந்துரையாடலில் இருந்து, அப்பாச்சி அமைப்பின் ‘அக்சிஸ்2’ என்ற நிரல் நூலகத்தின் வடிவமைப்பு வளர்ந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான நூலகம் அது. அதன் முதலாவது முழுப் பதிப்பு 2006 இல் வெளியானது.

அக்சிஸ்2 இன் வடிவமைப்பில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேலை செய்யும் நிரற்பகுதிகள் எதையும் தமக்குள் நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது. நினைவு முழுவதும் தனியே ஒரு படிநிலை ஒழுங்கில் இருக்கும்: முழு அமைப்புக்கும் ஒன்று, சேவைக் குழுவுக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று, ஒரு செயலுக்கு ஒன்று, ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று என ஐந்து படிகள். இதன் பயன் என்ன? ஆயிரம் செய்திகள் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒன்றின் கணக்கு மற்றதில் கலக்காது. நிறுவைக் களத்துத் தராசு எந்தப் பெண்ணின் கொழுந்தையும் நிறுக்கும்; எவருடையதையும் நினைவில் வைத்திராது. நினைவு புத்தகத்தின் வேலை. அடித்தளத்தில் உள்ள எண்ணம் இவ்வளவுதான்.

அதே அமைப்பின் சூழலில் இருந்து இன்னொரு பெரும் முயற்சியும் பிறந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. அந்த நாட்களில் செய்தி மேசையில் இருந்தவர்களுக்குப் பட்டியல்கள் மறக்காது. ஒரே மனிதரின் பெயர் ஒரு முகாமின் பட்டியலில் ‘உயிருடன்’ என்றும், இன்னொரு பட்டியலில் ‘காணவில்லை’ என்றும் இருக்கும். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும்; தகப்பன் பெயர் முன்பின்னாகியிருக்கும். எதை அச்சிடுவது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறோம். உண்மை ஒன்றுதான், ஆனால், அது எழுதப்பட்ட இடங்கள் பல. அந்தக் குழப்பத்தின் நடுவில், இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹன’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றை ஒரே பதிவகத்துக்குள் கொண்டுவருவது அதன் வேலை. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மைத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் ஒரு சிறிய தொல்லையோடு தொடங்கியது. பேஸ்புக் பாவித்தவர்களுக்கு அது நினைவிருக்கும்: வாசிக்காத செய்தி ஒன்று இருப்பதாகச் சிவப்பு எண் காட்டும், திறந்தால் புதிதாக எதுவும் இராது. அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வழுவைத் திருத்துவார்கள். சில காலத்தில் அது திரும்பி வரும். காரணம், வாசித்தது எது, வாசிக்காதது எது என்ற கணக்கைத் திரையின் வெவ்வேறு பகுதிகள் தத்தம் போக்கில் வைத்திருந்தன. ஒன்று மாறியது மற்றதற்குத் தெரியாது. 2014 இல் அவர்கள் ‘ஃப்ளக்ஸ்’ என்ற ஒழுங்கை அறிவித்தார்கள். தகவல் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். திரையின் எந்தப் பகுதியும் நிலையைத் தானே தொட்டு மாற்றக் கூடாது. 2015 இல் டான் அப்ரமோவ், அன்ட்ரூ கிளார்க் ஆகிய இருவரும் அந்த ஒழுங்கை மேலும் இறுக்கி ‘ரீடக்ஸ்’ என்ற சிறு நூலகத்தை எழுதினார்கள். எவன் சாப்ளிக்கி 2012 இல் வெளியிட்ட ‘எல்ம்’ என்ற நிரல்மொழியின் செல்வாக்கும் அதில் உண்டு.

ரீடக்ஸின் விதிகள் மூன்று. முழுச் செயலிக்கும் ஒரே ஒரு பதிவகம். அதை வாசிக்கலாம், நேரடியாக அழித்தெழுத முடியாது. மாற்ற வேண்டுமானால், நடந்தது என்ன என்று பெயரிட்டு ஒரு ‘அக்ஷன்’ அனுப்ப வேண்டும். பழைய நிலையையும் நடந்ததையும் எடுத்துப் புதிய நிலையைக் கணக்கிடும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த விதி ஆளுக்கு ஆள் மாறாது. அதே நிலையும் அதே நிகழ்வும் கிடைத்தால் அதே விடைதான் வரும். தோட்டத்துப் பாஷையில் சொல்வதானால், ‘காலை நிறுவை, 6 கிலோ’ என்பது அக்ஷன்; பேர் விழும் கணக்கு விதி; செக்ரோல் பதிவகம்; சம்பளச் சீட்டு திரை. இதனால் ஒரு வசதி கிடைத்தது. நடந்தவற்றை வரிசையாகப் பதிந்து வைத்தால், செயலியைப் பின்னோக்கி நடத்தி, கணக்கு எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்கலாம். 2015 இல் பாரிஸ் மாநாட்டில் அப்ரமோவ் இதைச் செய்து காட்டியபோதுதான் நிரலாளர் உலகம் ரீடக்ஸைத் திரும்பிப் பார்த்தது.

இவ்வாறு ஒரு பதிவகம் வருமுன் நிரலாளர்கள் என்ன செய்தார்கள்? ஒரு பகுதிக்குத் தேவையான தகவலை, இடையிலுள்ள பகுதிகள் வழியாகக் கைமாற்றி அனுப்பினார்கள். இடையில் நிற்பவற்றுக்கு அந்தத் தகவலால் எந்தப் பயனும் இல்லை. வாங்கிக் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. அந்த இளைஞர் இதை விளக்கியபோது எனக்கு ‘துண்டு’ நினைவுக்கு வந்தது.

துண்டு முறையை இன்றைய தலைமுறை அறியாது. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன்’ என்று துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தத் தொகையைப் பழைய தோட்டத்துக்குக் கட்டும். கடன் புதிய இடத்தில் தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். கடன் எப்படி வளர்ந்தது, அதில் பயணச் செலவு எவ்வளவு, கங்காணி ஏற்றியது எவ்வளவு என்ற விபரம் துண்டில் இராது. முடிந்த முடிவாக ஒரு தொகை மட்டும் இருக்கும். யாருடைய உழைப்பு அந்தத் தொகைக்கு ஈடாக நின்றதோ அவரால் அதை வாசிக்க முடியாது. 1921 இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மனிதரின் நிலையைக் கைமாற்றி, அதன் வரலாற்றை மறைக்கும் பழக்கம் அத்தோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ரீடக்ஸுக்குப் பின் இத்தகைய நூலகங்கள் பல வந்தன. எல்லாவற்றுக்கும் ரீடக்ஸ் தேவையில்லை என்று 2016 இல் அப்ரமோவே எழுதினார். சிறிய கடைக்குப் பெரிய பேரேடு எதற்கு என்ற நியாயம்தான். பின்னர் வந்த எளிய நூலகங்களில் மூன்றின் பெயர்கள் கவனத்துக்குரியவை. ‘சுஸ்டான்ட்’ என்பது ஜேர்மன் மொழியில் நிலை. ‘ஜோதாய்’ என்பது ஜப்பானிய மொழியில் நிலை. மூன்றாவது ‘வால்டியோ’, பின்லாந்து மொழிச் சொல். அதற்கு அரசு என்று பொருள். ஆங்கிலத்தில் நிலைக்கும் அரசுக்கும் ஒரே சொல் என்பதால் நிரலாளர்கள் இப்படி விளையாட முடிந்தது.

மலையகத்தவருக்கு இந்தச் சிலேடை விளையாட்டன்று. ‘ஸ்டேட்லெஸ்’ என்ற சொல்லை நிரலாளர்கள் நினைவற்ற அமைப்புக்குச் சொல்கிறார்கள் என்றேன். நம் நாட்டில் அதே சொல் பல ஆண்டுகள் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராக இருந்தது. தமிழில் ‘நாடற்றவர்’ என்று எழுதினோம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்ட மக்களை வெளியே நிறுத்தியது. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோல் திறந்தது. மணமானவர்கள் 7 ஆண்டுகளும் மணமாகாதவர்கள் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பது? ஒரு தொழிலாளி எந்த ஆண்டு எங்கே வேலை செய்தார் என்பதற்குச் சான்று தோட்டத்துப் புத்தகங்களில்தான் இருந்தது; அவை ஆபீசில் இருந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. தம் வாழ்க்கையைப் பின்னோக்கி நடத்திக் காட்டும்படி ஒரு மக்களிடம் கேட்கப்பட்டது. நடந்தவற்றின் பதிவோ அவர்கள் கையில் இருக்கவில்லை.

எஞ்சியோரின் நிலை எண்களாயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிகுதி 150,000 பேரின் முடிவு 1974 வரை தள்ளிப்போய், அந்த ஆண்டில் இரு நாடுகளுக்கும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் உரிமை வழங்கியபோது, பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜைகளானார்கள். அந்தப் பத்து நாட்களுக்கு முன்பும் அவர்கள் அதே மனிதர்கள்தான். அதே லயங்களில்தான் இருந்தார்கள். மாறியது அவர்களைப் பற்றி எழுதப்பட்டிருந்தது மட்டுமே.

இந்த வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது, நிரலாளர்கள் போற்றும் ‘ஒரே உண்மை, ஒரே இடம்’ என்ற விதி பாதி நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆபீசுச் செக்ரோலும் ஓரிடத்தில் இருந்த ஒரே உண்மைதான். ஓரிடத்தில் இருந்ததாலேயே அது நீதியாகிவிடவில்லை. மீதிப் பாதி மற்ற விதிகளில் இருக்கிறது. பதிவை யாரும் இரகசியமாக அழித்தெழுத முடியாதிருக்க வேண்டும். முடிந்த தொகை மட்டுமன்றி, அது எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். கணக்கிடும் விதி எல்லோரும் வாசிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். திறந்த மூலத்தின் பெறுமதி இந்த இறுதி நிபந்தனையில்தான். ரீடக்ஸின் நிரலை எவரும் திறந்து வாசிக்கலாம், மாற்றலாம், எடுத்துச் செல்லலாம். பேஸ்புக் 2020 இல் வெளியிட்ட ‘ரீகோயில்’ என்ற நூலகம் 2025 இன் தொடக்கத்தில் கைவிடப்பட்டுக் காப்பகத்துக்குப் போனது. ஆனாலும் அதன் நிரல் பூட்டப்படவில்லை. விரும்பியவர் இன்றும் எடுத்து வாசிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நூலகம் திறந்திருந்தால் அதைக் கொண்டு கட்டிய கணக்கும் திறந்திருக்கும் என்பதில்லை. மண்வெட்டி எல்லோருக்கும் பொது. அது வெட்டும் நிலம் யாருடையது என்பது வேறு கேள்வி. சில தோட்டங்களில் இப்போது மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன. நிறை தானாகவே பதிவாகிறது. சிறிய செக்ரோலில் இருந்து பெரிய செக்ரோலுக்கு எழுதும்போது வரும் பிழை குறையும். நல்ல மாற்றம்தான். ஆனால், கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறையில் கழிக்கும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை யார் வாசிக்கலாம் என்ற பழைய கேள்விக்குத் தராசு விடை சொல்லாது.

ஹட்டன் வீட்டுக்குத் திரும்புகிறேன். எனக்கு விளங்க வைப்பதற்காக அந்த இளைஞர் தம் மடிக்கணினியில் ஒரு விளையாட்டுச் செக்ரோலை அரைமணி நேரத்தில் எழுதிக் காட்டினார். காலை நிறுவை, மத்தியான நிறுவை, மாலை நிறுவை என்று மூன்று எண்களைக் கொடுத்தார். ஒரு பேர் விழுந்தது. மாலை எண்ணைக் குறைத்ததும் அரைப்பேர் ஆனது. பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய், எந்த நிறுவையில் பேர் பாதியானது என்று காட்டினார். தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மகன் இரண்டாவது முறையும் செய்து காட்டினார். தாயார் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல பேர் போடுறது யாரு? நாமளா, அவங்களா?”

மகன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த நூலகங்கள் எதிலும் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இருக்கவில்லை.